ஹலோ அண்ணன் மகனுக்குப் பெயர் தேடிய கதை

பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சோதிடரைக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கைப்பேசியைக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மலையைப் பார்த்துக் கேட்டவர் எங்கள் ஹலோ அண்ணன் ஒருவர்தான்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு எதுவானாலும் லவுட் ஸ்பீக்கர் கட்டுவது அவர் தொழில். மைக்கைக் கையில் எடுத்து “ஹலோ... ஹலோ...” என்று ஆரம்பித்தால், பக்கத்துத் தோட்டத்து நாய் குரைக்கும்வரை நிறுத்த மாட்டார். சத்தம் போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் அவருக்கு அத்தாட்சி. ஒரு சாவு வீட்டில் அவர் ஹலோ சொன்ன உருக்கத்தில், பெட்டிக்குள் இருப்பவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று சிலர் தள்ளி உட்கார்ந்தார்கள்.

சொந்தப் பெயர் செல்வராஜ். அதுதான் அவருடைய தீராத மனக்குறை. எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் எந்த வாசலில் நின்று செல்வராஜ் என்று கூப்பிட்டாலும் உள்ளேயிருந்து யாராவது ஒருவர் “என்னா?” என்பார். பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தபோது வேறொரு செல்வராஜ் வீட்டில் கேசரி சாப்பிட்டு, பையன் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் செல்வராஜுக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்ததால் ஹலோ அண்ணன் பிழைத்தார்.

அப்படிக் கிடைத்த சரோஜா அக்காவுக்குப் பல வருஷம் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அன்றைக்கே அண்ணன் அறிவித்துவிட்டார்.

“இந்த மலையில ஒருத்தனுக்கும் இல்லாத பேரா வைக்கணும். நான் கூப்புட்டா எம்புள்ள மட்டுந்தான் திரும்பணும்.”

“அவனுக்கு இன்னும் கழுத்தே நிக்கலைங்க, எப்புடித் திரும்புவான்?” என்றார் அக்கா.

அண்ணன் கேட்கவில்லை. மேட்டு லயத்துக்கு மேலே, மாரியம்மன் கோயில் பக்கத்துக் கம்பத்தில் ஸ்பீக்கரைக் கட்டினார். முறை சுலபமானது. ஒரு பெயரைக் கூப்பிடுவது. எந்த மூலையிலிருந்தாவது யாராவது பதில் கொடுத்தால் அந்தப் பெயர் செல்லாது.

முதலில் “தனுஷாந்தன்!” என்றார். பள்ளத்து லயத்தில் வரிசையாகக் கதவுகள் திறந்தன. அன்னதானத்துக்கு வருவதுபோல் பையன்கள் மேட்டில் ஏறி வந்தார்கள். அடுத்த வாரம் “ரியான்ஷ்!” என்று கூப்பிட்டார். மனிதர் யாரும் அசையவில்லை. அண்ணன் முகம் மலர்ந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏதோ வெள்ளையாக ஓடி வந்தது. கொழும்பில் வேலை பார்க்கும் ஒருவர் வாங்கி வந்த சடை நாய். அண்ணன் முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டியது.

“நல்ல பேருதான். ஆனா ஆளு வந்துருச்சே” என்றார் அண்ணன்.

நவீனப் பெயர்களை விட்டுப் பழைய பக்கம் போய் “வஜ்ரவேலன்!” என்றார். வெகுநேரம் அமைதி. பிறகு ஒரு கிழவர் கம்பை ஊன்றி மூச்சு வாங்க ஏறி வந்தார். நாங்கள் எல்லோரும் ‘மப்ளர் தாத்தா’ என்றே கூப்பிட்டுப் பழகிய மனிதர்.

“யாருப்பா என்னயக் கூப்புட்டது? எம்பொண்டாட்டி செத்தப்புறம் இந்தப் பேர யாருமே சொன்னதில்லையே” என்று கண்ணைத் துடைத்தார். அண்ணன் அவரை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். கேட்கக் கேட்க அந்தப் பெயரை மைக்கில் மறுபடி மறுபடி சொல்லியும் காட்டினார்.

அடுத்தது “ருவந்தன்”. மலை முகட்டில் மோதி அந்தப் பெயரின் முன்பாதி மட்டும் கீழே ரோட்டுக்குப் போயிருக்கிறது. ஹட்டன் பஸ் ஓட்டுநர் பெயர் ருவன். வளைவிலேயே பிரேக்கைப் போட்டுவிட்டு, “கவுத மட்ட கத்தா கெரே?” என்று சிங்களத்தில் கத்தினார். தன்னைக் கூப்பிட்டது யார் என்று கேட்கிறாராம். பின்னால் வாகனங்கள் வரிசையாக நின்று ஹார்ன் அடித்தன. பெயர் மட்டும்தான் வேண்டும், ஆள் வேண்டாம் என்று அண்ணன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மைக்கிலேயே விளக்கினார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

மறுநாள் கொழுந்து மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்தார். “யோவ், பொம்பளைங்க கொழுந்து எடுக்காம அடுத்த பேரு என்னான்னு காத்துக்கிட்டு நிக்கிறாங்க. இந்த வாரத்துக்குள்ள பேர முடி, இல்லாட்டி ஸ்பீக்கரக் கழட்டு.”

அதற்குள் பிள்ளைக்குக் கழுத்து நின்று, தவழவும் தொடங்கிவிட்டது. சரோஜா அக்கா பொறுமை இழந்தது பெயரால் அல்ல, பனியால். பனி மூடி மூடி, கொடியில் போட்ட பிள்ளைத் துணி ஒன்றும் காயவில்லை. “இந்தப் பனிக்கே ராசாவாப் பொறந்திருக்கான் ஒங்க மகன். ஒரு துணி காயுதா பாருங்க!” என்று ஈரத்துணியை அண்ணன் மேலேயே வீசினார்.

துணி முகத்தில் தொங்க அண்ணன் அப்படியே நின்றார். “பனிக்கு ராசா... பனிவேந்தன்!”

ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார். “பனிவேந்தா!” மலைகள் திருப்பிச் சொல்லின. மனிதர் வரவில்லை, நாய் வரவில்லை, பஸ்ஸும் நிற்கவில்லை. ஆசை தீர அன்று பூராவும் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அங்கேதான் தவறு நடந்தது.

கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் பிடித்துப் போயிற்று. அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் முக்கால்வாசி பனிவேந்தன். பக்கத்துத் தோட்டத்திலும் பனிவேந்தன். அண்ணன் வீடு வீடாகச் சண்டைக்குப் போனார். என் வீட்டுக்கும் வந்தார்.

“தம்பி, மரியாதையா அந்தப் பேரத் திருப்பிக் குடு.”

“வச்ச பேர எப்புடிண்ணே திருப்பிக் குடுக்குறது?”

என் மனைவி உள்ளேயிருந்து, “மைக்குல போட்டுச் சொன்னது நீங்கதானண்ணே? காதோட சொல்லியிருந்தா நாங்க எடுத்திருப்பமா?” என்றாள்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒடிந்துபோனார். ஒரு கல்யாணத்தில் ஒரு ஹலோகூடச் சொல்லாமல் பாட்டைப் போட்டார். ஊரே பயந்துவிட்டது. கடைசியில் சரோஜா அக்காதான் சொன்னார்: “எல்லாரும் சாமி பேரு வைப்பாங்க, நடிகரு பேரு வைப்பாங்க. இவங்க நம்ம புள்ள பேர வச்சிருக்காங்க. அப்ப நம்ம புள்ள யாருங்க?”

அண்ணன் யோசித்தார். மறுநாளே ஆளே மாறிவிட்டார். எந்தப் பனிவேந்தனுக்குப் பிறந்தநாள் என்றாலும் யாரும் கூப்பிடாமலே போய் ஸ்பீக்கர் கட்டினார். சாயங்காலம் சரோஜா அக்கா “பனிவேந்தா, சாப்புட வாடா” என்றால் ஒரு கூட்டமே வரும். அக்கா எல்லாருக்கும் ஊட்டிவிட்டு, கடைசியில் தன் மகன் எங்கே என்று தேடுவார்.

போன வருஷம் என் மகனுக்குக் காய்ச்சல் முற்றி, மூச்சும் இரைக்க ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். எப்படியோ கேள்விப்பட்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு மழையில் நனைந்தபடி அண்ணன் வந்து நின்றார். பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வாசலிலேயே மறித்தார்.

“நீங்க புள்ளைக்கு என்னா வேணும்?”

மலையெல்லாம் அதிரக் கூப்பிட்ட மனிதர், “அது... பேரு... எங்க வூட்டுப் பேருங்க...” என்று திணறினார். நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் எழுந்து போய், “புள்ளையோட பெரியப்பாங்க. உள்ள விடுங்க” என்றேன்.