எட்டு வயரும் இரண்டு குழாயும்

பிளோவ்திவ்,
ஈஸ்டருக்கு முந்தைய திங்கள்.

பேரன்புள்ள கலினா அத்தைக்கு,

நெவெனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அம்மா நலம், நான் நலம். அப்பா, வலது உள்ளங்கை தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம். ரூசேயில் நீங்களும் டான்யூப் நதியும் சுகமாக இருக்க வேண்டும்.

நம் ரொட்டிக்கடைக்கு அப்பா இரண்டு பெரிய மின் அடுப்பு வாங்கியிருக்கிறார். அவற்றுக்குத் தடித்த கேபிள் வேண்டும். ஆனால் மீட்டர் பெட்டியிலிருந்து முற்றத்துக்கு அடியில் வரும் பழைய இரும்புக் குழாயின் வளைவில் அது நுழையவே மறுத்துவிட்டது. பெரிய குழாய் புதைக்கலாம் என்றால், நம் தெருவில் மண்வெட்டி பட்டாலே ரோமானியத் தூண் ஒன்று எட்டிப் பார்க்கும், அகழாய்வுக்காரர்கள் கயிறு கட்டிவிடுவார்கள், மூன்று வருடம் கடை திறக்க முடியாது. அம்மாவின் தம்பி ஸ்தாமென் மாமாதானே நம் எலக்ட்ரீசியன். அவர்தான், "ஒரு குண்டனுக்குப் பதிலா ரெண்டு ஒல்லியை அனுப்புவோம் அத்தான்" என்றார். மின்சாரம் வரும் மூன்று ஃபேஸுக்கும், அது திரும்பிப் போகும் நியூட்ரலுக்கும் இரண்டிரண்டு வயர், சுமையைப் பாதிப் பாதியாகச் சுமக்கும்.

நீங்கள் இங்கே விட்டுப்போன மின்னியல் புத்தகத்தை அன்றே எடுத்துக்கொண்டேன். ஜோடி வயர்கள் ஒரே நீளம் இருக்க வேண்டுமாம், இல்லையென்றால் குட்டையானதில் மின்சாரம் அதிகம் ஓடுமாம். தாழ்வாரத்தில் அவற்றை இரட்டைச் சடை போல நீட்டி அளந்தோம். ஆனால் எர்த் போக எட்டு வயர். எட்டும் ஒரே குழாயில் நெருங்கிக் கிடந்தால் ஒன்றையொன்று சூடாக்கும், அதற்காகத் தடிமனைக் கூட்ட வேண்டும், கூட்டினால் குழாயில் நுழையாது. மாவு மூட்டை மேல் படுத்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பூமிக்குள் எட்டுப் பேர் தோளோடு தோள் உரசித் தூங்குவது போல இருந்தது. அம்மாதான் பக்கத்தில் காலியாகக் கிடந்த பழைய டெலிபோன் குழாயைச் சொன்னார். அதுவும் இரும்பு. குழாய்க்கு நான்கு என்று மாமா சோப்புத் தடவித் தள்ள, அப்பா இழுத்தார்.

ஒரு அடுப்பைப் போட்டார்கள். முற்றத்து மண்ணிலிருந்து மேலேறி வரும் சுவரோரக் குழாய் இளஞ்சூடானது. அம்மா மாவுத் தொட்டியைப் பக்கத்தில் வைக்க, அது மேகம் மாதிரி எழும்பியது. நான் குழாயில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். உள்ளே ஏதோ ஒரு நதி மெதுவாக முணுமுணுத்தது. பிறகு இரண்டாம் அடுப்பையும் போட்டார்கள். அப்பா குழாயைச் செல்லமாகத் தட்டினார். உள்ளங்கை விஷயம் அதுதான்.

திறந்து பார்த்தால், பழுப்பு இரண்டும் கறுப்பு இரண்டும் ஒரு குழாயில், சாம்பல் இரண்டும் நீலம் இரண்டும் இன்னொன்றில்! குழாய் ஒவ்வொன்றிலும் நான்கு நிறமும் ஒவ்வொன்று இருந்தால்தான் போகிற மின்சாரமும் வருகிற மின்சாரமும் சமாதானமாகி இரும்பு குளிர்ந்திருக்கும். புத்தகம் படிக்காதவர்கள் செய்கிற தவறு அத்தை இது.

"வயர் போடச் சொன்னா பூச்செண்டு கட்டியிருக்கியேடா!" என்று அப்பா கத்தினார்.

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். "பார்க்க நல்லா இருந்துச்சு அத்தான்."

"கடை எரிஞ்சாலும் பார்க்க நல்லாத்தான் இருக்கும்! இனிமே இந்தப் பக்கம் வராதே!"

மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "என் தம்பி வராத வீட்டுல நான் மாவு பிசைய மாட்டேன், நீங்களே பிசைஞ்சுக்குங்க, ஒத்தக் கையால!" என்று அம்மா ஏப்ரனைக் கழற்றிவிட்டார். ஈஸ்டருக்கான கொசுனாக் இனிப்பு ரொட்டி முந்நூறுக்கு ஆர்டர் இருக்கிறது. அடுப்பு அணைந்து கிடக்கிறது. வயர்களை மாற்றி இழுக்க மாமா வேண்டும், மாமா போனை எடுப்பதில்லை. அப்பா அடங்குவது உங்கள் ஒருவரிடம்தான். வியாழக்கிழமைக்குள் வந்து, இந்தத் தவறு யாருக்கும் நேரும் என்று அவரிடம் சொல்லி, மாமாவைத் திரும்பக் கூப்பிட வையுங்கள்.

எல்லோருக்கும் என் வணக்கங்கள். உங்கள் பால்கனிக்கு வரும் புறாக்களுக்கும் சேர்த்து. கடிதத்தை ரூசே பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மருமகள்,
நெவெனா

பி.கு.: அன்று மாமா கை நிறைய வயரோடு வந்து, "குட்டி, எதை எதுல விடலாம்? புத்தகம் என்ன சொல்லுது?" என்று கேட்டார். நான் நான்காம் அத்தியாயத்தில் இருந்தேன். தலையைத் தூக்காமலே, "ஒரே நிறத்தைப் பிரிக்காதீங்க மாமா, பாவம்" என்று சொன்னேன். குழாய்க்கு நான்கு நிறமும் வேண்டும் என்ற விதி ஐந்தாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. ஆகவே மேலே திட்டியிருக்கும் இடங்களில் எல்லாம் மாமாவை எடுத்துவிட்டு என்னைப் போட்டுப் படியுங்கள். வியாழன் வேண்டாம் அத்தை, நாளைக்கே வாருங்கள். அப்பாவிடம் நானேதான் சொல்லப் போகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.