ஞானஸ்நானக் கவுனைத் துவைத்த விவரம்

ராஜகீழ்ப்பாக்கம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான கெசியா அக்கா அவர்களுக்கு, தம்பி சத்தியநாதன் தாழ்மையுடன் எழுதுவது. இங்கே நானும், மேடவாக்கத்தில் மகள் வீட்டிலிருக்கும் என் மனைவி ஞானஜோதியும், மகள் அபிகாயிலும், மருமகன் மெர்வினும், பேரன் ஜாய்சனும் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம். பாளையங்கோட்டையில் உங்கள் சுகத்துக்காகக் காலை ஜெபத்தில் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். இந்த வாரம் சற்று அதிகமாகவே வேண்டிக்கொண்டேன்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்றுக்கூட உங்களைக் கூப்பிட்டு, அங்கே மழை உண்டா, கேஸ் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஜாய்சனின் ஞானஸ்நானத்துக்காக நீங்கள் அனுப்பிய பட்டுக் கவுனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: கவுன் இருக்கிறது. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பார்சலைப் பிரித்ததும் கழுத்துப் பக்கம் ஒரு மஞ்சள் கறை கண்ணில் பட்டது. பெட்டிக்குள்ளேயே இருந்த பட்டில் வரக்கூடியதுதான். ஞானத்துக்குப் போன் செய்தேன். "அதைத் தொடாதீங்க. மடிச்ச மடிப்புலயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உத்தியோகக் காலம் முழுவதையும் கல்லூரி இரசாயன ஆய்வுக்கூடத்தில் கழித்த ஒருவன், மேஜைமேல் ஒரு கறையை வைத்துக்கொண்டு எப்படிச் செய்தித்தாள் வாசிப்பான்? பட்டைக் குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில், கையால் மட்டுமே அலச வேண்டும். தேய்க்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் இறங்கினேன். தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு வருத்தம் இருக்காது.

எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெள்ளைச் சட்டையை ஒரே மாதத்தில் டீ நிறமாக்கிவிடும். அன்று லாரித் தண்ணீர் வேறு வந்திருந்தது. அது எந்த ஏரியைப் பார்த்துவிட்டு வந்தது என்று லாரிக்காரருக்கே தெரியாது. ஆகையால் குடிக்க வாங்கிய கேன் தண்ணீரை எடுத்தேன். பக்கெட்டில் பழைய சோப்பு ஒட்டியிருக்குமே என்று பயந்து, பரணிலிருந்த அண்டாவை இறக்கி, கழுவி, அதில் ஊற்றினேன். குழந்தை ஷாம்புவை மூடியளவு விட்டுக் கவுனை நனைத்தேன். கறை போயிற்று, அக்கா. பெருமைக்காகச் சொல்லவில்லை, இதற்குப் பிறகு வரப்போகிறவற்றில் நல்ல செய்தி இது ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன். கறை போன மகிழ்ச்சியில் கவுனை மூக்கருகே கொண்டுபோனபோதுதான், அது கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறி வேகிற அண்டா என்பது நினைவுக்கு வந்தது. ஞானஸ்நானக் கவுனில் பட்டையும் கிராம்பும் மணந்தன. கடைசியாக அலசும் தண்ணீரில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் பட்டுக்குப் பளபளப்பும் வரும், வாசனையும் போகும் என்று நினைத்து விட்டேன். பளபளப்பு வந்தது. வாசனை போகவில்லை, கறி ஊறுகாய் வாசனையாக மாறியது.

பிழியக் கூடாது என்பதால் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். சபையின் ஆண்டு விழாவில் எல்லோருக்கும் கொடுத்த சிவப்புத் துண்டு உறை பிரிக்காமல் இருந்தது. புதுத் துண்டு, சுத்தமாக இருக்கும் என்று அதில் சுருட்டினேன். பிரித்துப் பார்த்தபோது கவுனின் முதுகுப் பக்கம் இளஞ்சிவப்பாகியிருந்தது. பதறிப்போய் மறுபடியும் அலசினேன். பெரும்பாலும் போய்விட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும். ஆலயத்தில் யாரும் பிள்ளையைச் சாய்த்துப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டு, சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளை விரிப்பைப் போட்டு, கவுனைப் பரத்தி, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டேன். உடனே கரண்ட் போயிற்று. காற்றில்லாத அறையில் ஈரப் பட்டை விட்டுவைக்க மனமில்லாமல், விரிப்போடு தூக்கிக்கொண்டு போய்ப் பால்கனியில் நிழலான மூலையில் இருந்த துணி காயப்போடும் ஸ்டாண்டின்மேல் பரத்தினேன். கிளிப் போட்டால் தடம் விழும் என்று போடவில்லை. தாம்பரம் பக்கமிருந்து மழை மேகம் கிளம்பியிருப்பதை நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு காற்று அடித்தது. கவுன் எழுந்தது, அக்கா. உள்ளே பிள்ளை இருப்பது போலக் கைகளை விரித்துக்கொண்டு எழுந்து, பால்கனிக் கம்பியைத் தாண்டி, கீழே போயிற்று.

கீழ்வீட்டில் இருப்பவர் ஏகநாதன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் எனக்கும் பேச்சு நின்று வெகு நாளாகிறது. எங்கள் துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் வீட்டு வடாமில் விழுந்ததாகக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து முறையிட்டு, "இனிமே மேலேருந்து விழற எதுவா இருந்தாலும் அது எனக்குச் சொந்தம். எழுதிக்குங்க" என்று சொன்னார். எழுதியும் கொண்டார்கள்.

படியிறங்கிப் போய் அவர் கதவருகே நின்று, மணியை அடிக்க விரலைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "சத்தியநாதன் சாரா? கதவு திறந்துதான் இருக்கு. வாங்க. என்னால அசைய முடியாது."

பால்கனியில் அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். கவுனின் அடிப்பக்க லேஸ் அவர் பால்கனிக் கம்பியின் முனையில் சிக்கியிருந்தது. பாரம் இழுத்துக் கிழிந்துவிடாதபடி அவர் துணியை உள்ளங்கைகளில் ஏந்தியிருந்தார். தூறல் ஆரம்பித்திருந்தது, அவர் கண்ணாடியில்லாத முகத்திலும் வழுக்கையிலும் விழுந்தது.

"இழுத்தா போச்சு, சார். பழைய பட்டு. யாருது?"

"எங்க அக்கா தச்சது."

"அவங்க குழந்தைக்கா?"

"அவங்களுக்குக் குழந்தை இல்லீங்க. கல்யாணப் புடவையை வெட்டித் தச்சு வச்சிருந்தாங்க. அப்புறம் எம்மகளுக்குக் குடுத்தாங்க. இப்ப பேரனுக்கு."

"டீப்பாய்மேல என் கண்ணாடி இருக்கு. எடுத்து மாட்டி விடுங்க" என்றார் அவர். யாரைப் பார்த்தால் படியில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேனோ, அவர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் சரிசெய்தேன். அவர் ஏந்திக்கொள்ள, நான் ஊசியால் ஒவ்வொரு நூலாகக் கம்பியிலிருந்து எடுத்தேன். இரண்டு பேருக்குமே கை நடுக்கம் உண்டு. கடைசியில் ஒரு சாண் லேஸ் மட்டும் கையோடு வந்துவிட்டது. அவர் தன் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து வந்து, கவுனையும் லேஸையும் அதில் பொதிந்து என்னிடம் கொடுத்தார். "மேலேருந்து விழறது எனக்குச் சொந்தம்னு சொன்னேன்ல? இது அதுல சேராது. காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

இப்போது கவுனின் நிலை இது: கறை இல்லை. முதுகில் லேசாக இளஞ்சிவப்பு. அடியில் ஒரு சாண் லேஸ் இல்லை, பத்திரமாகத் தனியே இருக்கிறது. ஊறுகாய் வாசனை போய்விட்டது. ஏகநாதன் வீட்டுச் சந்தன வாசனை வந்திருக்கிறது. அபிகாயிலின் ஞானஸ்நானத்தன்று நீங்கள் இந்தக் கவுனைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, ஆலயத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தீர்கள். அந்த வரிசை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆகையால் அக்கா, என்னைத் திட்டுங்கள், தாங்கிக்கொள்வேன். "பரவாயில்ல தம்பி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் சமாதானமும், உங்கள் கண்களுக்குத் தெளிவும், என்மேல் பொறுமையும் குறைவில்லாமல் இருக்கக் கர்த்தர் அருள் செய்வாராக.

உங்கள் அன்புத் தம்பி,
சத்தியநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது ஞானம் வந்து நின்றாள். கவுனைப் பார்த்தாள், அங்கவஸ்திரத்தைப் பார்த்தாள், கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். "இதை யாரு உங்களைத் துவைக்கச் சொன்னா? மூணு மாசப் பிள்ளைக்குத் தச்ச கவுன். நம்ம ஜாய்சனுக்கு ஒரு கைகூட நுழையாது. போடறதுக்கு அனுப்பல. 'பெட்டிக்குள்ள கெடக்கதுக்கு, பிள்ளை இருக்க வீட்டுல இருக்கட்டும்'னு மதினி என்கிட்ட சொல்லித்தான் அனுப்பினாங்க" என்றாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தொடாதீங்கன்னு சொன்னேனே" என்றாள். நீங்கள் புதிதாக ஒரு கவுன் தைத்து முடித்துவிட்டதும், அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ரயிலில் நீங்களே வருவதும் இப்போதுதான் எனக்குத் தெரியும். "புதுசு வெறும் பருத்திதான். தம்பியை எப்படி வேணும்னாலும் துவைச்சிக்கிடச் சொல்லு" என்று நீங்கள் சொன்னதையும் ஞானம் சொல்லிவிட்டாள். ஆகையால் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். நீங்கள் படித்து முடிக்கும்வரை நான் கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன்.