சொப்பன டாக்டர் பார்த்த ரத்தக் குழாய்

நோயாளியின் முகத்தையே பார்க்காமல் உயிரைக் காப்பாற்றிய டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் குடியிருந்தார். ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்குகளுக்கு ஊதாச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து வியாதியைச் சொல்வது அவர் உத்தியோகம். வெளியே வந்த பிறகும் கண் அந்த ஊதா உலகத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். அதனால் தெருவுக்கு அவர் சொப்பன டாக்டர்.

லஸ்ஸில் டிராமை விட்டு இறங்கி, மேகத்தின் மேல் நடப்பது போல வருவார். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, குடையை மாட்டிவிட்டு, இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். என் மனைவியும் பரிமாறினாள். ரசம் சாதம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, சமையலுக்குப் புது ஆளா என்று என்னிடமே விசாரித்தார்.

யுத்தம் முடிந்த சமயத்தில் எனக்குச் சிறுநீரில் ரத்தம் போக ஆரம்பித்தது. அவருடைய ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தேன். சர்ஜன் விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். சிறுநீர்ப்பையில் சிவந்த புண். புற்றுநோய்தான், பையையே எடுத்துவிட வேண்டும் என்றார். பிழைப்பேனா என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கிள்ளியெடுத்த துணுக்கைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், வார்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத சொப்பன டாக்டர் வந்தார். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவரிடம் போய், "உமக்குக் கான்ஸர் இல்லை" என்றார். அப்படியொரு சந்தேகம் இருந்ததே தெரியாத அந்த மனிதர் அழுதுவிட்டார்.

"சார், உங்க ஆளு அந்தாண்ட கீறாரு" என்று வார்டு ஆயா அவரைத் திருப்பிவிட்டாள்.

"ரத்தக் குழாயோட சுவரே வீங்கிண்டிருக்கு. ரொம்ப அபூர்வம். பையை எடுக்கப்படாது" என்றார் என் தலையணையைப் பார்த்து.

சர்ஜன் ஒப்பவில்லை. புண்ணைக் கண்ணால் பார்த்தவன் நான்தானே என்றார். சொப்பன டாக்டர் சண்டை போடவில்லை. சர்ஜன் கையைப் பிடித்து மைக்ராஸ்கோப்பிடம் அழைத்துப் போனார். வேறோர் இடத்திலிருந்து இன்னொரு துணுக்கு எடுத்தார்கள். அதிலும் அதே வீக்கம்; புற்றுநோய் இல்லை. ஆபரேஷன் நின்றது. சிறுநீரகம், நரம்பு எல்லாம் சோதித்தார்கள்; வேறெங்கும் அந்த வியாதி இல்லை. அதற்கு அப்போது மருந்தும் கிடையாது. படுத்தே கிடந்தேன். சிறுநீரில் சிவப்பு வெளிறி, ரத்தம் மெல்ல நின்றேபோனது.

நன்றி சொல்லப் போனபோது அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

"உங்க ரத்தக் குழாய் அத்தனை அழகு. நடுவில வட்டமா குழாய். தெப்பத்தன்னிக்குக் குளத்தைச் சுத்தி ஜனங்கள் நிக்கறாப்பல அணுக்கள். அதையேதான் பார்த்துண்டிருந்தேன்."

என்னிடம் இருக்கிற எதையும் அதற்கு முன்னோ பின்னோ யாரும் அழகு என்று சொன்னதில்லை. இப்போதும் தெப்பத்துக்குப் போனால் நான் சுவாமியைச் சரியாகப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் சொப்பன டாக்டரைத்தான் தேடிக்கொண்டிருப்பேன்.