பதினேழு மட்டும் போகவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம், என் வலது தோள்பட்டை நீங்கலாக. அங்கு நீயும் அத்தானும் பிள்ளைகளும் தோள்பட்டை உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. பழைய சாமானைப் புதுப்பித்துப் பிள்ளைகளின் அறையை அலங்கரிப்பது எப்படி என்று தினமும் காலையில் நீ அனுப்பும் வீடியோக்களை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். போனில் சொன்னால் சிரிப்பாய். அதனால் எழுத்தில் தருகிறேன்.

என் மகள் தன் அறையைப் பூட்டத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். அவள் ஆறு வருடமாக அலமாரிக் கதவில் ஒட்டிச் சேர்த்திருந்த ஸ்டிக்கர்களை, அவள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து வெந்நீர் போட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டேன். கதவு பளிச்சென்று ஆயிற்று. அவள் பார்த்தாள், பூட்டு வாங்கிவந்தாள். பதினைந்து வயதுப் பெண் அழுதால் சமாதானம் சொல்லலாம், பூட்டு வாங்கினால் என்ன செய்வது? அந்தச் சமயத்தில்தான் உன் வீடியோ வந்தது. ஓர் அம்மா ஏதோ பழைய பெட்டிக்குச் சாயம் பூசிக் கொடுக்கிறாள், மகள் கட்டிக்கொள்கிறாள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்ப்பவள் நான். ஒரே ஒரு மாதிரியை வைத்து எந்த முடிவுக்கும் வரமாட்டேன். இருந்தும் சனிக்கிழமை பழைய சாமான் கடைக்குப் போனேன்.

அங்கே ஒரு சாவிப் பலகை இருந்தது. ஏதோ மூடிப்போன விடுதியுடையதாம். இருபத்துநான்கு சின்ன மாடங்கள், ஒவ்வொன்றின் கீழும் சாவி மாட்ட ஒரு கொக்கி, மேலே கருப்பு மையில் கையால் எழுதிய அறை எண். உரிந்துபோன பச்சை. வளையல், பேனா, காதில் மாட்டும் ஒயர் எல்லாம் வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். கடைக்காரர், "சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா. ஒரு பொண்ணு வாராவாரம் வந்து இது முன்னாடியே நின்னுட்டுப் போகுது. கருப்புச் சட்டை, காதுல எந்நேரமும் ஒயரு. அதுக்கு முன்னாடி நீங்க எடுத்துருங்க" என்றார். வீட்டில் கவனிக்க ஆளில்லாத பெண் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வந்துவிடுவதற்குள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன நிறம் அடிக்கலாம் என்று இவரைக் கேட்டது என் இரண்டாவது பிழை. "ரோஸ்தான். நம்ம பொண்ணுக்கு ரோஸ்னா உயிர். எனக்குத் தெரியாதா?" என்றார். அது அவளுக்கு ஐந்து வயதில் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மொட்டை மாடியில் மறைத்துவைத்து மூன்று வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பச்சை பறந்துபோய் மேல்மாடிக்காரம்மா காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்பெல்லாம் பாசி பிடித்தமாதிரி ஆகி, அந்தம்மா மூன்று நாள் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போனார். ரோஸ் அடித்து முடித்து, காய நாலு மணி நேரம் ஆகும்னு நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர், "காஞ்சிருச்சே" என்று அதன்மேல் சாய்ந்து காட்டினார். சட்டை முதுகில் ஆறு கட்டம். அதோடவே ஆபீஸுக்கும் போயிட்டு வந்தார், யாரும் ஒண்ணும் சொல்லலையாம். இருபத்துமூன்று எண்கள் சுவடு தெரியாமல் போய்விட்டன. பதினேழு மட்டும் போகவில்லை. இரண்டு முறை மேலே அடித்தும் ரோஸைத் தாண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. அது ஒன்றுதான் என் தோல்வி என்று நினைத்திருந்தேன்.

நேற்று மாலை அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள்.

"அம்மா, இது பச்சையாத்தானே இருந்துச்சு?"

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"நாலு மாசம் வாராவாரம் போய்ப் பாத்துட்டு வந்தேன். மூணு வாரம் முன்னாடி போனப்ப காணோம். யாரோ ஒரு அம்மா அவசரமா தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு கடைக்காரர் சொன்னார். நம்பரெல்லாம் எங்கம்மா?"

"தேய்ச்சுட்டேன்."

"உன்னால ஒண்ணை இருக்கிறபடி விடவே முடியாதா?"

இவர் நடுவில் புகுந்து, "ரோஸ் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டு, இருந்த கொஞ்ச மானத்தையும் வாங்கினார். இன்று காலை அவள் உத்தரவுப்படி இவரே அதை அவள் அறைக்கு வெளியே, கதவை ஒட்டிய சுவரில் மாட்டிவிட்டார். அறைக்குள் அதற்கும் இடமில்லை, எனக்கும் இல்லை. போகிற வருகிற நேரமெல்லாம் என் குற்றத்துக்குச் சாட்சியாக ரோஸ் நிறத்தில் தொங்குகிறது. ஆகவே அக்கா, இனி வீடியோ வேண்டாம். நான் எதையும் புதுப்பிப்பதாக இல்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல். அவர்கள் அலமாரியில் ஏதாவது ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு, நாளைக்குத் தபாலில் சேர்க்கலாம் என்று அந்தப் பலகையிலேயே செருகப் போனேன். பதினேழாம் கொக்கியில் ஒரு சாவி தொங்குகிறது. மாடத்துக்குள் ஒரு சீட்டு: "இது ஒண்ணுதான் உன் கையிலேருந்து தப்பிச்சது. அதனால இது உனக்கு. மாலை ஆறு முதல் ஆறரை வரை வரலாம். உள்ளே எதையும் நேராக்கக் கூடாது." ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. வீடியோக்களைத் தொடர்ந்து அனுப்பு. ரோஸை உரித்துப் பழைய பச்சையைக் கொண்டுவர வழி இருந்தால் அதை முதலில் அனுப்பு. மணி ஆறாக ஐந்து நிமிடம் இருக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன். அவள் மேசை விளக்கு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதுதான் கவலையாக இருக்கிறது.