ஐந்து அடி பதினெட்டு அங்குலம்

வீட்டில் ஒரு கணிதப் பட்டதாரி இருப்பது தீப்பெட்டி இருப்பதைப் போன்றது. பயன் உண்டு, ஆனால் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கண்ணை யாரும் என்மேல் வைக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் நான் பி.எஸ்சி. கணிதத்தை முதல் வகுப்பில் முடித்திருந்தேன். அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலகு மாற்றமும் நடத்திக்கொண்டிருந்தேன். மீட்டரைச் சென்டிமீட்டராக்கத் தயங்கும் பிள்ளையை நான் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓர் அறை விடத் தோன்றுகிறது.

என் அக்கா பூங்கொடியின் உயரம் ஐந்து அடி எட்டு அங்குலம். ஆணுக்கு இருந்தால் கம்பீரம் என்பார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சந்தையில் பெண்ணுக்கு அது பிறவிக் குறை. பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் காபியைக்கூடக் கீழே வைக்காமல் அக்காவையும் தம் மகனையும் முதுகோடு முதுகு நிற்கவைத்துப் பார்த்தார். மகன் ஓர் அங்குலம் குறைந்துபோனான். “பொண்ணு தங்கமான பொண்ணுதான், ஆனா நிழலுக்கு ஒதுங்குற மாதிரியில்ல நிக்கணும் எம்புள்ள” என்று சொல்லிவிட்டு, காபியையும் குடித்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பின் அக்கா தோளைக் குறுக்கி நடக்கப் பழகிக்கொண்டாள். அவளுக்கு இருபத்தேழு வயது. இனி ஒரு வரன் வருமா என்பது ஒன்றுதான் வீட்டின் கவலை.

அந்த நேரத்தில் கம்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கேரளத்துப் பக்கம் கட்டப்பனையில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. கொண்டுவந்தவர் அப்பாவின் நண்பர். அவருக்குப் பையனின் தகப்பனாரை மட்டுமே தெரியும். புகைப்படம் பாஸ்போர்ட் அளவு. (பாஸ்போர்ட் அளவுப் படத்தில் உலகத்தார் அனைவரும் ஒரே உயரம்.) விவரத்தாளில் உயரம் 158 செ.மீ. என்று தட்டச்சாகியிருந்தது.

“இது அடியில எம்புட்டுத்தா?” என்று அப்பா தாளை என்னிடம் நீட்டினார்.

நான் கால்குலேட்டரைத் தொடவில்லை, கர்வம். ஓர் அடிக்கு 30.48 சென்டிமீட்டர். தாளில் வகுத்தேன், 5.18 வந்தது. இவ்வளவு வரை நான் அறிவாளி. அடுத்துதான் விபத்து. ஐந்து அடி பதினெட்டு அங்குலம் என்று அதைப் படித்தேன். அதோடு நின்றிருந்தாலும் யாராவது விழித்திருப்பார்கள். நானோ முறைப்படி கற்றவள், பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி என்பதை மறக்காமல், பதினெட்டிலிருந்து பன்னிரண்டை எடுத்து அடியோடு கூட்டி, அடிக்கோடும் இட்டு அறிவித்தேன்: “ஆறு அடி ஆறு அங்குலம்!”

“ஆத்தாடி!” என்றார் சந்திரா அத்தை. அப்பாவின் தங்கை, பக்கத்துத் தெருவில் இருந்தாலும் எங்கள் வீட்டுச் செய்திகளுக்கு அவர்தான் வானொலி நிலையம். “ஆறரை அடியா! நம்ம பூங்கொடி அண்ணாந்துல்ல பாக்கணும்!”

வைகை அணையின் நீர்மட்டத்தைப் புள்ளி வைத்த அடிக்கணக்கில் தினமும் நாளிதழில் படிக்கிறவர் அப்பா. புள்ளிக்குப் பின்னால் பதினெட்டு வந்தால் அணையில் ஒன்றரை அடி ஏறிவிடாது என்பதை அவராவது சொல்லியிருக்கலாம். மகள் முதல் வகுப்பு ஆயிற்றே, வாயைத் திறக்கவில்லை.

பதில் விவரத்தாளையும் நானே தயாரித்தேன். அவர்கள் சென்டிமீட்டர்க்காரர்கள் என்பதால் அக்காவின் ஐந்தடி எட்டு அங்குலத்தை 5.8 என்று எழுதி, 30.48ஆல் பெருக்கி, 176.8 செ.மீ. என்று அனுப்பினேன். அக்கா வளர்ந்துவிட்டாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரே பிழையை இரு திசையிலும் செய்ய ஒரு சீரான மனம் வேண்டும்.

அந்த வாரம் முழுவதும் அக்கா நிமிர்ந்து நடந்தாள். அதை மட்டும் என்னால் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை.

அப்பாவுக்கு வேறு கவலை. கூடத்துக் கூரை தாழ்வு, மின்விசிறி அதைவிடத் தாழ்வு. “வந்ததும் கையத் தூக்கிக் கும்பிட்டாருன்னா ரெக்கை அடிச்சிரும்த்தா” என்று அதைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றினார். சித்திரை வெயிலில், கூடம் நிறைய உறவினர்களோடு, விசிறி இல்லாமல் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தோம். அத்தையின் ஒலிபரப்பால் தெருவே மதில்மேல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

கார் வந்தது. ஓர் அம்மாள் இறங்கினார். பின்னால் கண்ணாடி அணிந்த, நேர்த்தியாகத் தலைவாரிய, சிறிய உருவம் ஒன்று இறங்கியது. அப்பா கும்பிட்டுவிட்டு அந்த உருவத்தின் தலைக்கு மேலாகக் காருக்குள் தேடினார்.

“மாப்பிள்ளை பின்னால வாராகளா?”

“நாந்தாங்க மாப்பிள்ளை.”

158 செ.மீ. என்றால் ஐந்தடி இரண்டங்குலம்தான்; மதில்மேல் நீண்டிருந்த கழுத்துகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அத்தை என் விலாவில் இடித்தார். “ஏத்தா கணக்கு, மிச்சம் ஒண்ணேகால் அடி அடுத்த பஸ்ஸுல வருதா?”

கூடத்தில் மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் விசிறிக்கொண்டு, “ஃபேனு கீனு இல்லையா?” என்றார். அக்கா காபித் தட்டோடு நிமிர்ந்து வந்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், பழைய வழக்கப்படி அவள் தோள்கள் மெல்ல இறங்கின. மாப்பிள்ளை எழுந்து நின்றார். அவர் அப்படிச் செய்திருக்க வேண்டாம்.

“எங்க பொண்ணு கொஞ்சம்... உசரம்” என்று அப்பா இழுத்தார்.

“தெரியுங்க. நூத்தி எழுபத்தாறு புள்ளி எட்டுன்னு எழுதியிருந்தீகளே. என்னையவிடக் கிட்டத்தட்ட ஒரு சாண் கூடன்னு அம்மாட்ட சொல்லித்தான் கூட்டியாந்தேன்.” அக்காவை ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பதுபோல் பார்த்தார். “நேர்ல அம்புட்டு இல்லையே. ஒரு நாலு சென்டிமீட்டர் கொறையுது.”

எந்தப் பெண்பார்ப்பிலும் வாயைத் திறந்திராத அக்கா திறந்தாள். “அது எந்தங்கச்சி போட்ட கணக்கு. அவ கணக்குல நீங்க ஆறரை அடி. ஒங்களுக்குத் தலையில இடிக்குமேன்னு எங்கப்பா ஃபேனக் கழட்டிட்டாக.”

அவர் அண்ணாந்து வெறும் கொக்கியைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. அவர் தாயாருக்குச் சிரிப்பு வரவில்லை. “சிரிப்பு அப்பறமிருக்கட்டும், மொதல்ல அந்த ஃபேன மாட்டுங்க” என்றார்.

அடுக்களையில் அப்பா குரலைத் தாழ்த்தினார். “ஊரு சிரிக்கும்த்தா. பொருத்தம் சரியில்லன்னு சொல்லிவிட்ருவமா?”

“இம்புட்டுப் பேரு வந்தாக, என்னையப் பாத்ததும் பயந்தாக” என்றாள் அக்கா. “எம்புட்டு உசரம்னு தெரிஞ்சே வந்தது இவரு ஒருத்தருதான். அதுவும் இவ கூட்டிப்போட்ட உசரத்துக்கு.”

ஆவணியில் கல்யாணம். ஊர் சிரித்தது, ஒரு மாதத்தில் அலுத்துப்போய் நிறுத்தியது.

அதற்குப் பின் எங்கள் குடும்பத்தில் எந்த அளவையும் என்னிடம் கொடுப்பதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து எனக்கு உத்தமபாளையத்தில் வரன் பேசியபோது, விவரத்தாளை என் கண்ணில்கூடக் காட்டவில்லை. மாமா, அதாவது அந்த ஆறரை அடிக்காரர், டேப்பும் கையுமாக மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விட்டார். அவர்களுடைய உறவினர்கள் எல்லாரும் பார்க்க, பையனைச் சுவரோடு நிறுத்தி, நாற்காலிமேல் ஏறி நின்று அளந்து, அங்கிருந்தே எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் உரக்கச் சொன்னார்: “அஞ்சடி ஏழங்குலம். புள்ளி கிடையாது. ரெண்டு தடவை அளந்துட்டேன், கொழுந்தியாகிட்ட குடுத்துராதீக!”

அன்று சுவரோடு நின்றவர், இப்போது என் கணவர், இன்றுவரை அதை மறக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் அவர் ஆரம்பித்துவிடுவார். “ஊர் ஒலகத்துல பொண்ணத்தான் நிக்கவச்சுப் பாப்பாக. இவுக வீட்டுல மாப்பிள்ளைய அளந்தாக. அப்ப கூசுன கூச்சம் இருக்கே...”

நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்க மாட்டேன். அக்கா வந்திருந்தால் மட்டும், “ஒங்கள ஒரு நாள்தான அளந்தாக?” என்று கேட்பாள்.