சீப்போ நம்முடைய பூனை அல்ல

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் ஒரே மகளுக்கு, அவளைப் பெற்ற அப்பா எழுதிக்கொள்வது:

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீ சுகம் என்பது, ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் அம்மா போனில் உன்னோடு போடும் சத்தத்திலிருந்து தெரிகிறது; ஆகவே தனியாக விசாரிக்கவில்லை. இது அலுவல் கடிதம். பதினான்கு மாதம் கழித்து அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதே. வீட்டு ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கிறது, உன் கையெழுத்து வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். நம் வீட்டில் பூனை கிடையாது. கிடையாத பூனைக்கு நாம்தான் சொந்தக்காரர்கள் என்று இந்தக் கட்டடமே கூடித் தீர்மானம் போட்டுவிட்டது. இந்த அநியாயம் எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் பால்கனிக் கதவைத் திறக்கிறேன், என் நாற்காலியில், நான் இன்னும் பிரிக்காத பேப்பரின் மேல், சாம்பல் நிறத்தில் ஒரு பூனை கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருக்கிறது. இடது காதில் பாதியைக் காணோம். முகத்தில் பயம் என்பது மருந்துக்கும் இல்லை. எடை அளவை ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். தெருமுனையில் என் தலை தெரிந்தாலே தராசுக்கு அடியில் ஒட்டிய புளியங்கொட்டையெல்லாம் காணாமல் போகும். அப்படிப்பட்ட நான், “சீ! போ!” என்றேன். அது கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தது. இன்னும் பலமாக, “சீ! போ!” என்றேன். எழுந்தது, முதுகை வளைத்தது, நிதானமாகச் சோம்பல் முறித்தது, நேராக வந்து என் காலில் உரசிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து உன் அம்மா சிரிக்கிறாள். அன்றிலிருந்து தினமும் காலையில் இதே கூத்து. நான் “சீ போ” என்பேன், அது வரும். இந்த வீட்டில் நான் சொன்னதும் வந்து நிற்கிற ஜீவன் என்று எதுவும் முன்பு இருந்ததில்லை என்பதால் கொஞ்சம் திகைத்துப் போனேன், அவ்வளவுதான். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

நம் கட்டடம் உனக்குத் தெரியும், கதவுக்குக் கதவு வேறு மொழி, நம்மைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது, கடைவீதி மொழியை ஆளுக்கு ஒரு விதமாக உடைத்துப் பேசித்தான் எல்லோரும் காலம் தள்ளுகிறோம். கீழ்வீட்டுக் கடிகாரக்காரர் பூனையை “பிஷ் பிஷ்” என்று கூப்பிட்டுப் பார்த்தார். நீ போன பிறகு எதிர்வீட்டுக்குக் குடிவந்த நர்ஸ், “மிட்ஸ் மிட்ஸ்” என்றாள், அவள் ஊரில் அப்படித்தானாம். மேல்வீட்டு பஸ் டிரைவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டி என்னவோ செய்தார், அவருக்கே இருமல் வந்தது. பூனை ஒருவரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நான் படியில் இறங்கி வந்து, வழியை மறித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்து, “சீ! போ!” என்றேன். ஓடி வந்தது. மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். “அடடா, சீப்போவா பேரு? இது தெரியாம இத்தனை நாளா தொண்டை கிழியக் கத்திட்டிருந்தோமே! அழகான பேரு. உங்க மொழியில என்ன அர்த்தம்?” என்று கேட்டார் கடிகாரக்காரர். நான் வாயைத் திறப்பதற்குள், காய்கறிப் பையோடு பின்னால் வந்துகொண்டிருந்த உன் அம்மா, “செல்லமேன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நான் குதித்த குதியை நீ பார்த்திருக்க வேண்டும். “எதுக்குடி அப்படிப் பொய் சொன்னே?” “என்னங்க பொய்? கல்யாணமான புதுசுல நான் உங்கள எத்தனை தடவை ‘சீ, போங்க’ன்னு சொல்லியிருக்கேன். ஒரு தடவையாவது எழுந்து போனீங்களா?” பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வினை அங்கே தொடங்கியது. கடிகாரக்காரர் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனைவியை மறுநாள் முதல் “சீப்போ” என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த அம்மாளும் வெட்கப்பட்டுக்கொண்டு, “என்ன சீப்போ?” என்கிறாள். பஸ் டிரைவர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் நின்று தன் கைக்குழந்தையைப் பார்த்து, “சீப்போ! சீப்போ!” என்று கொஞ்சுகிறார். ஒரு கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டே முத்தம் கொடுத்துக்கொள்வதை முப்பத்தோரு வருஷ சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அதையாவது விடு. இந்த நர்ஸ் பெண், நல்ல பெண், ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்கு ஊசி போடப் போயிருக்கிறாள். அவர் பயப்படுகிறார் என்று, தோளைத் தடவி, “சீப்போ… சீப்போ…” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அந்த மனுஷன் தமிழராக இருந்து தொலைத்தார். உடனே எழுந்தார், ஆஸ்பத்திரி அங்கியோடு வாசல் வரைக்கும் போயே போய்விட்டார், போகிற வழியில், நர்ஸ் தன்னை அவமதித்துவிட்டாள் என்று மட்டும் ஒரு புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

விசாரணை என்றார்கள். நர்ஸ் அழுதுகொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். “அது எங்க கட்டடத்துப் பூனையோட பேருன்னு ஒரு சான்று குடுத்தா போதுமாம், சார். இல்லாட்டி வேலை போயிடும்” என்றாள். சான்று கொடுக்க வேண்டியவர் கட்டடச் சங்கச் செயலாளர். அவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவரும் அந்தப் பெரியவருக்கு ஒரு வருத்தக் கடிதம் எழுதி, சான்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். பெண்ணுக்கு வேலை பிழைத்தது. முத்திரையை ஊதிக் காயவைத்தவர் சட்டென்று நிமிர்ந்து, “ஒரு நிமிஷம். பூனையா? என் கட்டடத்துலயா?” என்றார். பத்து நாளில் விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. விதி பதினான்கின்படி அனுமதியில்லாமல் பிராணி வளர்த்த குற்றம்.

பத்து நாள் இருந்ததா, நானும் என் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பூனைக்காரர் என்று பிறவியிலேயே ஒரு சாதி மனிதர் இருக்க வேண்டும், அவரைக் கண்டுபிடித்து இதை அவர் தலையில் கட்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். எந்த ஊர், எப்படிப்பட்ட குடும்பம், வீட்டில் முன்பு என்னென்ன பிராணி என்றெல்லாம் கேட்டுக் குறித்தேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. பஸ் டிரைவர் மலைக்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டு நாய்களோடு வளர்ந்தவர், பூனையைப் பெரியவரான பிறகுதான் பக்கத்தில் பார்த்தாராம். கடிகாரக்காரரின் அப்பா பூனையைக் கண்டால் அலமாரிமேல் ஏறிக்கொள்வாராம். நர்ஸோ கடலோரத்தில் எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி. வீட்டில் மனிதருக்கே இடமில்லை, பூனைக்கு எங்கே போவது? “அப்புறம் ஏம்மா உனக்கு இதுமேல இத்தனை ஆசை?” என்றேன். “நாள் பூரா எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, சார். வீட்டுக்கு வந்தா, நானே கூப்பிட்டாலும் வராத ஒண்ணு இருக்கு பாருங்க, அதப் பார்த்தா அப்படியொரு நிம்மதி” என்றாள். பஸ் டிரைவர் அதையே தலைகீழாகச் சொன்னார்: அறுபது பேர் அவர் திறந்தால் ஏறுவார்கள், நிறுத்தினால் இறங்குவார்கள், இது ஒன்றுதான் அவர் பேச்சை மதிப்பதில்லையாம், அது அவருக்குப் பிடித்திருக்கிறதாம். என்ன புத்தியோ! கடைசியில் கடிகாரக்காரர், லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, “பூனைக்காரர்னு தனியா யாரும் கிடையாது சார். அது யார் மடியில வந்து படுக்குதோ, அவரால அதுக்கப்புறம் எழுந்திருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். உங்க கால் மரத்துப்போகுதா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பொய். காலை ஏழிலிருந்து எட்டு வரை இடது கால் எனக்கு இல்லவே இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். அந்தப் பூனைக்கு நான் ஒரு கவளம் போட்டதில்லை. ஆதாரம் இருக்கிறது. வாராவாரம் எடை போட்டிருக்கிறேன்: முதலில் நான் மட்டும் மெஷினில் ஏறி நிற்பது, பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பது, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. ஒன்பது வாரத்தில் எழுநூறு கிராம் கூடியிருக்கிறது. மற்ற வீடுகளில் திணிக்கிறார்கள் என்பது இதிலிருந்து நிரூபணம். நம் வீட்டில் அது சாப்பிடுவது மீதியான மீன் மட்டும். மீன் மீதியாக வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறோம், அது வேறு கணக்கு.

விசாரணை தரைத்தளத்து மீட்டர் அறையில் நடந்தது. செயலாளர் மேஜைக்கு அந்தப் பக்கம், நாங்கள் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில். “பேர் வெச்சது யாரு?” என்று கேட்டார். மூன்று பேரும் அன்போடு என்னைக் கை காட்டினார்கள், எனக்கு உதவி செய்கிறார்களாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: அது பேரே இல்லை ஐயா, தமிழில் விரட்டுகிற சொல் என்று. வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதிரே நர்ஸ் உட்கார்ந்திருக்கிறாள், கையைப் பிசைந்துகொண்டு. நான் அதைச் சொன்னால் அவள் சான்று பொய்யாகிவிடும், வேலை போய்விடும். உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு. பெற்றவர்களை விட்டு எங்கேயோ வந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள். முழுங்கிக்கொண்டேன். “ஆமாம், செல்லமேன்னு அர்த்தம்” என்று என் வாயாலேயே சொன்னேன். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பேர் வெச்சா உங்க பூனைதான்னு ஆயிடுமா? கூப்பிட்டா உங்ககிட்ட வருமா?” என்று செயலாளர் கேட்கிறார், அவரும் நல்ல மனுஷன், எனக்கு வழி விடுகிறார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பாழாய்ப்போன பூனை ஜன்னல் வழியாக வந்து, மேஜைமேல் குதித்து, முத்திரை மையில் காலை வைத்து, விசாரணைக் கோப்பின்மேல் ஊதா ஊதாவாக நடந்தது. அரசாங்கத்தில் இருந்தவனுக்குக் கோப்பு என்றால் உயிர், உனக்குத் தெரியும். “சீ! போ!” என்று என்னை மீறிக் கத்திவிட்டேன். ஒரே தாவு. மடியில் வந்து படுத்து, வெள்ளைச் சட்டையில் நாலு காலையும் துடைத்துக்கொண்டு, குர்ர் குர்ர் என்று சுகமாகச் சத்தம் போடத் தொடங்கியது. செயலாளர் பேனாவை மூடினார். “விசாரணை முடிஞ்சுது” என்றார்.

ஆக, நிலவரம் இது. வீடு உன் பெயரில் இருப்பதால் பூனையும் சட்டப்படி உன்னுடையது. இத்துடன் உள்ள படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு. “எங்களுடையது அல்ல” என்ற முதல் கட்டத்தில் நீ கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினால், இருபத்தெட்டாம் தேதி பிராணிகள் காப்பகத்து வண்டி வந்து அதைக் கொண்டுபோய்விடும். அதைத்தான் செய்ய வேண்டும். நீ வர வேண்டியதில்லை. சங்கத்தின் முன்னால் நேரில் நின்று கையெழுத்துப் போட்டால் வளர்க்க அனுமதி என்று இரண்டாவது கட்டம் சொல்கிறது. அதை நீ படிக்கவே வேண்டாம். அளவை ஆய்வகத்தில் கௌரவமாக உட்கார்ந்து செய்யும் வேலையை விட்டுவிட்டு, கிரேன் ஓட்டத்தான் போவேன் என்று நீ நின்றாய், “அப்படின்னா போ!” என்றேன் நான், மறுநாளே இரண்டு பையோடு நீ போய்விட்டாய். லிஃப்ட் கீழே போய்த் திரும்பி மேலே வந்தது, திறந்தால் காலி. அதையெல்லாம் பேச இந்தக் கடிதம் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கிரேன் ஏணியில் ஏறும்போது எப்போதும் ஒரு கையாவது கம்பியில் இருக்கட்டும். காற்று பலமாக அடித்தால் இறங்கிவிடு, மேலதிகாரி கேட்டால் என் பெயரைச் சொல். எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது உன் அம்மா பிடுங்கிப் படித்துவிட்டு, “இத்தனை பக்கம் எழுதி, எழுத வேண்டியத மட்டும் விட்டுட்டீங்களே” என்கிறாள். ஆகவே கீழ்க்கண்டவாறு திருத்திப் படிக்கவும். படிவம் இத்துடன் இல்லை, வெளியே எடுத்துவிட்டேன். முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டாவதற்கு நீ நேரில்தான் வர வேண்டும். இருபத்தெட்டாம் தேதிக்குள் வா, முடிந்தால் நாளைக்கே வா. நர்ஸ் உன் அறையைக் கூட்டித் துடைத்துக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு பிழை, அம்மாடி. ‘போ’வுக்கு முன்னால் ஒரு ‘சீ’ இருந்தது, கோபத்தில் வாயில் வராமல் போய்விட்டது.