உன் அத்தானுக்கு வந்த வரன்

திருத்தங்கல்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஆல்பினுக்கு, அக்கா ஞானசெல்வம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மகள் பெர்சிஸும் சுகம். உன் அத்தானும் சுகம்தான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு நீ கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டரை இந்த வாரமே வந்து எடுத்துக்கொண்டு போய்விடு.

அது இல்லாமல் இந்தக் காலத்தில் ஒரு வீடு நடக்குமா என்று கேட்டாயே, நடந்ததைக் கேள். பெர்சிஸுக்கு வரன் தேட சர்ச்சில் நாலு பேரிடம் சொன்னால் போதும் என்றேன் நான். "மனுசன் பொய் சொல்வான், கம்ப்யூட்டர் சொல்லாது" என்று உன் அத்தான் கல்யாண வெப்சைட்டில் தானே உட்கார்ந்து பதிந்தார். ஹெட்மாஸ்டராக இருந்தவர் இல்லையா, கேட்டதற்கெல்லாம் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். பெயர் கேட்டதும் ராஜசிங். வயது கேட்டதும் அறுபத்திரண்டு. போட்டோ கேட்டதும் ரிட்டையர்மென்ட் அன்று கழுத்தில் மாலையோடு எடுத்தது. அப்புறம் மௌஸ் வழுக்கிவிட்டதாம், 'மனைவியை இழந்தவர்' என்று விழுந்துவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியுமா? சனிக்கிழமை காலையில் சாத்தூரிலிருந்து வரன் விஷயமாகக் கார் வந்தது. பெர்சிஸுக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டு, கேசரி கிண்டி, காபித் தட்டோடு நான் போய் நின்றால், வந்த பெரியவர், "மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க" என்கிறார்.

"மாப்பிள்ளைய நீங்கள்லா கூட்டிட்டு வரணும்?" என்றேன்.

"நீங்க மாப்பிள்ளைக்கு அக்காவாம்மா?"

அந்த நேரம் பார்த்து உன் அத்தான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். பெரியவரின் தங்கை, ஐம்பத்து நாலு வயது ஆரோக்கியம் டீச்சர், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் புரிந்துபோய்விட்டது. "நான் அவுக பொஞ்சாதிய்யா!" என்று கத்தினேன். "செத்துட்டாகன்னுல்ல கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு!" என்கிறார் அவர். முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து எத்தனை சாவைக் கண்டவள் நான், என் சாவு எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. அதுகூடப் போகட்டும். நான் உயிரோடு எதிரே நிற்கிறேன், உன் அத்தான் விறுவிறுவென்று உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா, அப்பிடித்தான் போட்டிருக்கு" என்கிறார்!

பாவம், அந்த டீச்சர்தான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு என் பின்னாலேயே வந்தாள். "நான் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னேன், அக்கா. இந்த வயசுல பட்டு கட்டிக் கூட்டியாந்துட்டாக" என்று கண்ணைத் துடைத்தாள். அவளிடம் என்ன கோபப்பட? மீதிக் கேசரியைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். உன் அத்தானோடு மூன்று நாளாகப் பேச்சில்லை.

ஆகவே வண்டி பிடித்தாவது வந்து அந்தச் சனியனை எடுத்துப் போ. கர்த்தர் உன் வீட்டையும் பிள்ளைகளையும் இப்படிப்பட்ட சோதனைக்குத் தப்புவித்துக் காப்பாராக.

அன்பு அக்கா,
ஞானசெல்வம்

பி.கு.: கவரை ஒட்டப்போகையில் ஆரோக்கியம் டீச்சர் போன் பண்ணினாள். அன்றைக்குப் பெர்சிஸைப் பார்த்ததில் எல்லோருக்கும் பிடித்துப்போய், அண்ணன் மகன் ஜெப்ரினுக்குக் கேட்கிறார்கள். அவர்கள் அனுப்பிய அவன் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பெர்சிஸ் சிரிக்கிறாள். கம்ப்யூட்டரை எடுக்க வராதே. ஞாயிற்றுக்கிழமை தாய்மாமனாக வந்து உட்கார். பையனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறானாம். கர்த்தருடைய சித்தம், வேறென்ன சொல்ல.